தனியாக வண்டி ஓட்டி ஊர் திரும்பும்போது எடுத்த படம்: உங்கள் அனுபவம் என்ன?

கோபிக்காரன்

மைசூரிலிருந்து கோபிக்குத் திம்பம் வழியாகத்தான் எப்போதும் வருவேன். அந்தப் பாதை தெரிந்தவர்களுக்குக் காரப்பள்ளம் செக்போஸ்ட்டை விளக்கத் தேவையில்லை. மாநில எல்லையில், கரும்பு லாரியை எதிர்பார்த்து யானை வந்து நிற்கும் இடம், அவ்வளவுதான். அன்று மாலை ஐந்தேகால் இருக்கும். செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு பெண் யானை, காலடியில் குட்டி. யாரோ போட்டுவிட்டுப் போன கரும்புத் தோகையைக் குட்டி மிதித்து விளையாடிக்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் வேறு வண்டி இல்லை. நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். இடது கண்ணாடியை இறக்கிவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏழெட்டுப் படம் எடுத்தேன்.

நடுவில் ஒரு முறை தாய் யானை மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியது. என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தது. நல்ல படம் என்று அதையும் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படத்தின் ஓரத்தில், பின்னால் வருவதைப் பார்க்கும் இடது பக்க சைடு மிரர் பதிந்திருக்கிறது. அதற்குள் முழுக்கச் சாம்பல் நிறம். முதலில் ரோடு என்று நினைத்தேன். இன்னும் பெரிதாக்கினால் தோல் சுருக்கம், மடிந்த காதின் ஓரம். டிக்கியை ஒட்டி இன்னொரு யானை நின்றிருக்கிறது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே 2 நிமிடம் 10 விநாடி என்று கேமரா காட்டுகிறது. அதில் எவ்வளவு நேரம் அது அங்கே நின்றது என்பதுதான் தூக்கத்தில்கூட வருகிறது.

சத்தி டிரைவர்

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பாதையில் 22 வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். ஒரு தடவை ஆசனூர் தாண்டி ஒரு கொம்பன் பஸ்ஸின் முன்கண்ணாடியில் தும்பிக்கையை வைத்து மெதுவாகத் தடவிவிட்டுப் போனது. பஸ்ஸுக்குள் ஒரு குழந்தைகூட அழவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் நீங்கள் இஞ்சினை அணைத்திருக்கக் கூடாது. தூரத்தில் பார்த்த உடனே நிறுத்த வேண்டும், பக்கத்தில் போய் அல்ல. இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், பின்னால் எடுக்க வழி இருக்கட்டும். ஹாரன் வேண்டாம், ஹை பீம் வேண்டாம். காது ஆடிக்கொண்டே இருந்தால் அது நிம்மதியாக மேய்கிறது என்று அர்த்தம். காதை விரித்து அப்படியே நிறுத்திவிட்டால், வாலும் விறைத்தால், ரிவர்ஸ் போட வேண்டிய நேரம். குட்டியோடு ஒன்று நிற்கிறது என்றால் கூட்டம் பக்கத்தில்தான் இருக்கும். முன்னால் பார்ப்பதை விடப் பின்னால் பார்ப்பது முக்கியம். திம்பத்தில் 27 வளைவு இருக்கிறது, அதில் நடுவழியில் மாட்டினால் ரிவர்ஸும் எடுக்க முடியாது. 2022 பிப்ரவரியிலிருந்து ராத்திரி வண்டி விடுவதில்லை, காருக்கு ஒன்பது மணி வரைதான். அதற்காக ஆறு மணிக்கு மேல் வேகமாக வருகிறார்கள், அது இன்னும் ஆபத்து. தனியாக வருகிறவர் ஆசனூரில் ஒரு டீ குடித்துவிட்டு, வேறு வண்டிக்குப் பின்னால் சேர்ந்து இறங்குங்கள். ஆமாம், அவ்வளவு பெரிய உடம்பு பின்னால் வந்து நின்றதே, ஒரு சத்தம்கூடவா கேட்கவில்லை?

நீலமலை

டிரைவர் அண்ணா, தூரத்தில் நிறுத்துங்கள் என்கிறீர்கள். படத்துக்காக நிறுத்துவதே கூடாது. முதுமலையிலும் பந்திப்பூரிலும் போர்டு வைத்திருக்கிறார்கள், அபராதமும் போடுகிறார்கள். வழியை மறித்து நின்றால் வேறு வழியில்லை, அது வேறு.

இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து கூடலூருக்கு தனியாக வந்தேன். பந்திப்பூரில் ஒன்பது மணிக்கு கேட் போட்டுவிடுவார்கள் என்பதால் ஆறரைக்கே உள்ளே நுழைந்துவிட்டேன். தெப்பக்காடு நெருங்கும்போது ரோட்டோரம் புள்ளிமான் கூட்டம். வேகத்தைக் குறைத்து போனில் ஒன்று எடுத்தேன். ஃபிளாஷ் ஆட்டோவில் இருந்திருக்கிறது. பளிச்சென்று அடித்ததும் ஒரு மான் கண் தெரியாமல் ரோட்டுக்கு நடுவில் பாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. எதிரே பைக். அவர் பிரேக் பிடித்து வழுக்கி, மானின் வயிற்றுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். மான் ஓடிவிட்டது. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

வால்பாறை வீடு

எனக்கு யானையும் இல்லை, மானும் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து வீட்டுக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவில், ஒன்பதாவது வளைவில் எல்லோரும் நிறுத்துவார்கள். கீழே ஆழியாறு அணை தெரியும். அன்று மழை விட்டு மஞ்சள் வெயில். தடுப்புச் சுவர் மேல் ஒரு வரையாடு, பின்னால் அணைத் தண்ணீர் மின்னுகிறது. இரண்டே அடி தூரம். அதன் ஈர மூக்கில் மழைத்துளி இருந்தது, அதுவரை துல்லியமாக விழுந்திருக்கிறது.

அந்தப் படத்தைப் போட்டபோது நிறைய பேர் பாராட்டினார்கள். அது ஏன் அவ்வளவு பக்கத்தில் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. படத்தின் இடது பக்கம் ஒரு கை, கையில் சிப்ஸ் பாக்கெட். அதை நான் வெட்டிவிட்டேன். நம் மாநில விலங்கு, புலிக்குக் கொடுக்கும் அதே சட்டப் பாதுகாப்பு அதற்கும் உண்டு. நான் அந்த ஊர்க்காரன். கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். படம் எடுத்து முடியட்டும் என்று காத்திருந்தேன்.

லென்ஸ் பைத்தியம்

வரையாட்டை இரண்டு அடியில் எடுக்க வேண்டியதே இல்லை நண்பரே. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் 70–300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று போதும். ஜன்னல் விளிம்பில் ஒரு துண்டை மடித்து வைத்து, அதன் மேல் லென்ஸை வையுங்கள். படம் கலங்காமல் இருக்க ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் குறைய வேண்டாம், வெளிச்சம் போனால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுங்கள். ஃபிளாஷை அமைப்பிலேயே நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே போனில் எடுப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள்.

நீலமலை

ஓட்டிக்கொண்டே எடுத்தது தப்பு என்று தெரிந்துதான் எழுதினேன்.

கோபிக்காரன்

டிரைவர் அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். கேட்கவில்லை. யானையின் பாதத்துக்கு அடியில் மெத்தை மாதிரி சதை, அதனால்தான் நடந்தால் ஓசை வராது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். இஞ்சினும் அணைந்திருந்தது. ஒரு சருகு நொறுங்கும் சத்தம்கூட என் காதில் விழவில்லை. என் கவனம் எல்லாம் குட்டி மேல்.

முதல் பதிவில் ஒன்றை எழுதவில்லை. மறுநாள் காலையில் வண்டி கழுவப் போனேன். பின் கண்ணாடி முழுக்கச் செம்மண் தூசி. அதன் நடுவே, மேலிருந்து கீழாக, இரண்டு கை அகலத்துக்கு ஒரு தடம். ஈரம் காய்ந்து ஓரமெல்லாம் சேறு கட்டியிருந்தது. அம்மா வந்து பார்த்துவிட்டு, யாரப்பா துணி வைத்துத் துடைத்தது என்று கேட்டார். வாளியை ஓரமாக வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மழை வரும்வரை அந்தக் கண்ணாடியைக் கழுவவில்லை.