ஆக்டேவியா ஆர்எஸ் 1.8 டர்போ: ஹெட்டுக்கு ஸ்டட் போடலாமா, புது போல்ட்டே போதுமா?

வைகைக்கரை டர்போ:
எல்லாருக்கும் வணக்கம். பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிறேன், கம்பெனி கொடுத்தது 150 குதிரைத்திறன். கொஞ்சம் பெரிய டர்போ மாட்டி, இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரை (ஈசியு) ட்யூன் செய்து 250 பக்கம் கொண்டுபோகலாம் என்று திட்டம். இஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் கசிகிறது, எப்படியும் ஹெட்டை இறக்கத்தான் போகிறோம், திரும்ப ஏற்றும்போது எதைப் போட்டு இறுக்குவது என்பதுதான் குழப்பம். மெக்கானிக் அண்ணன் பழைய போல்ட்டே நல்லாத்தான் இருக்கு, கழுவிப் போட்டுக்கலாம் என்கிறார். நண்பன் 12.9 கிரேடு ஆலன் போல்ட் வாங்கிப் போடு என்கிறான். புதூர் சிட்கோவில் தெரிந்த லேத்துக்காரர் இஎன்24 என்கிற ஸ்டீலில் ஸ்டட்டே (தலை இல்லாமல் இரண்டு முனையிலும் மரை உள்ள கம்பி, மேலே நட்டு போட்டு இறுக்குவது) கடைந்து தருகிறேன் என்கிறார், செலவும் கம்மி. ஏஆர்பி என்கிற அமெரிக்கக் கம்பெனி ஸ்டட்டை இறக்குமதி செய்தால் விலை, வரி எல்லாம் சேர்ந்து கண்ணைக் கட்டுகிறது. எது சரி?

கப்பலூர் பட்டறை:
லேத்திலேயே பிழைப்பு நடத்துகிறவன் சொல்கிறேன் தம்பி, இந்த வேலைக்கு லேத் வேண்டாம். கடையில் கிடைக்கும் இஎன்24டி கம்பியின் இழுவிசை வலு 850-லிருந்து 1000 மெகாபாஸ்கல்தான், 12.9 போல்ட்டே 1200. ஏஆர்பி 2000 என்கிற ஸ்டீல் ஏறக்குறைய 1500. சரி, ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்து வலுவை ஏற்றிவிடலாம் என்று வைத்துக்கொண்டாலும் மரை இருக்கிறதே. நாங்கள் டூல் வைத்து வெட்டுகிற மரையில் அடிப்பள்ளம் கூராக நிற்கும், இழுபட்டு இழுபட்டு விரிசல் விடுவது அங்கேதான். நல்ல ஸ்டட்டில் மரையை வெட்டுவதில்லை, ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்தபிறகு உருட்டி அழுத்தி எடுக்கிறார்கள். அந்த மெஷின் என்னிடம் இல்லை, சொன்ன லேத்துக்காரரிடமும் இருக்காது.

காரியாபட்டி ரோடு:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் வலுவை மட்டும் வைத்து முடிவு செய்தால் 12.9 ஆலன் போல்ட்டில் போய் நிற்பீர்கள், அதுவும் தப்பு. ஹெட் போல்ட் என்பது ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது கொஞ்சம் நீள்கிறது, அது சுருங்கப் பார்க்கிற விசைதான் ஹெட்டைப் பிடித்து வைக்கிறது. உங்கள் வண்டியில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், சூடானால் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒவ்வொரு தடவை இஞ்சின் சூடாகி ஆறும்போதும் போல்ட் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும், கேஸ்கட் கொஞ்சம் அமுங்கினாலும் பிடி விடக்கூடாது. அதற்குத்தான் கம்பெனி போல்ட்டை நீளமாக, அளவாக இழுபடுகிற மாதிரி செய்கிறார்கள். நீளமும் தலையின் அடிப்பரப்பும் ஒத்துவராத ஆலன் போல்ட்டைத் திணித்தால் எவ்வளவு பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

பழைய போல்ட்டைக் கழுவிப் போடுவதை மறந்துவிடுங்கள். இந்த இஞ்சினில் வருவது டிகிரிக் கணக்கில் திருப்பி இறுக்கும் வகை, ஒரு தடவை நீட்டியாச்சு என்றால் அதன் வேலை முடிந்தது. மெக்கானிக் அண்ணன் அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில் சொல்லியிருப்பார்.

மாட்டுத்தாவணி மெக்கானிக்:
அம்பாசடரைக் கிண்டல் பண்ணாதீங்க, அதில் இருந்ததே ஸ்டட்டும் நட்டும்தான் 😀

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 250-க்கு ஏஆர்பி கட்டாயம் இல்லை, புதுசாக ஒரிஜினல் போல்ட் பத்து வாங்கிப் போட்டாலே நிற்கும். டர்போ வண்டியில் ஹெட் தூக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடிப்பது. சித்திரை வெயிலில் டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் சூடாகிக் கிடக்கும்போது சாதா பெட்ரோலில் பூஸ்ட்டை (டர்போவின் காற்றழுத்தத்தை) ஏற்றி மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் எகிறும், அதை எந்த ஸ்டட்டும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கேஸ்கட் போகாவிட்டால் பிஸ்டன் போகும். அந்தக் காசை முதலில் நல்ல இன்டர்கூலருக்கும், 95 ஆக்டேனுக்கு ஏற்ற ட்யூனுக்கும் போடுங்கள். கம்பெனி கனெக்டிங் ராடு 250-ஐ எவ்வளவு காலம் தாங்கும் என்பது தனிக் கதை, அதையும் யோசியுங்கள்.

வைகைக்கரை டர்போ:
நன்றி அண்ணே. கோயம்புத்தூர் கரி ட்ராக்குக்கு அவ்வப்போது கொண்டுபோகிற எண்ணம் இருக்கிறது, பின்னால் பூஸ்ட்டும் கூடும், ஹெட்டும் மறுபடி இறங்கும். அப்போதும் போல்ட்டேவா? ஸ்டட் என்றால் இறுக்குகிற டார்க் (முறுக்கு விசை) அளவு கம்பெனி புத்தகத்தில் இருப்பதையே வைக்கலாமா?

காரியாபட்டி ரோடு:
அப்படியென்றால் ஸ்டட்டுக்குப் போங்கள், ஒவ்வொரு தடவையும் புது போல்ட் வாங்குகிற செலவும் மிச்சம். இன்னொரு லாபம், போல்ட்டை இறுக்கும்போது அது முறுக்கப்பட்டுக்கொண்டே நீள்கிறது, பிளாக்கில் இருக்கிற மரையும் தேய்கிறது. ஸ்டட் பிளாக்கில் சும்மா நிற்கும், நட்டு மட்டும் மேலே சுற்றும், அந்தப் பக்கம் மரையும் பொடி என்பதால் இறுக்கம் சீராக வரும்.

கம்பெனி டார்க்கை வைக்கவே கூடாது. நீங்கள் போடுகிற பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது, மீதி எல்லாம் நட்டுக்கு அடியிலும் மரையிலும் உராய்வில் போய்விடும். அதனால் என்ன மசகு போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே டார்க்கில் பிடி தலைகீழாக மாறும். செட்டோடு வருகிற பேஸ்ட்டை மரையில், நட்டின் அடியில், வாஷரின் மேல்பக்கம் தடவி, அந்தத் தாளில் போட்டிருக்கிற அளவுக்கே, சொன்ன வரிசையில், படிப்படியாக இறுக்குங்கள். பேஸ்ட் தீர்ந்துபோச்சு என்று இஞ்சின் ஆயில் ஊற்றினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

கப்பலூர் பட்டறை:
ஸ்டட்டைப் பிளாக்கில் கையால் இறங்குகிற வரைக்கும் விட்டால் போதும், ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். அதற்கு முன்னால் ஓட்டையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் காற்றடித்துச் சுத்தமாக எடுத்துவிடுங்கள், அடி மூடிய ஓட்டையில் ஆயில் நின்றால் அழுத்தத்தில் பிளாக்கே விரிசல் விட்டுவிடும். மரையைச் சுத்தம் செய்ய மரை வெட்டுகிற டேப் போடாதீர்கள், இரும்பைச் சீவி எடுத்துவிடும், சுத்தம் செய்வதற்கென்றே உள்ள டேப் வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பைச் சமப்படுத்த ஃபேஸிங்குக்குக் கொடுக்கும்போது பிளாக் மேல்பரப்பையும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதை நம்ம ஊரில் பாதிப் பேர் பார்ப்பதே இல்லை.