ரூபி நெக்லஸ் செடி பச்சையா மாறிடுச்சு, இலையும் கொட்டுது. அவசரம்!

போரூர்_பால்கனி:
ரூபி நெக்லஸ்னு தொங்கவிட்டு வளர்க்குற சதைச்செடி வாங்கி ஒண்ணரை மாசம் ஆச்சு. வாங்குறப்ப தண்டும் இலையும் நல்ல ஊதா. இப்ப முழுக்கப் பச்சை. நடுவுல இலையைத் தொட்டாலே உதிருது. தண்ணி ஒழுங்கா ஊத்துறேன். என்ன உரம் போட்டா கலர் திரும்ப வரும்? சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

ஓசூர்_தொட்டி:
ஒழுங்கான்னா எத்தனை நாளுக்கு ஒருதரம்? வெயில் எந்தப் பக்கத்துல இருந்து, எவ்வளவு நேரம்? தொட்டி என்ன, மண் என்ன? இலை குட்டி பீன்ஸ் மாதிரி திரண்டிருக்கா, தட்டையா இருக்கா? தட்டைன்னா அது டர்ட்டில் வைன்ங்கிற வேற செடி, அதுக்குத் தண்ணிக் கணக்கே வேற.

எப்சம்_ரசிகை:
மெக்னீசியம் குறைபாடு போல இருக்குப்பா. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் எப்சம் சால்ட் (மெக்னீசியம் உப்பு) கரைச்சு ஸ்ப்ரே பண்ணுங்க.

சதைச்செடிச்_சித்தன்:
மாசம் நாலு தரம் இதே கேள்வி. தேடினாலே கிடைக்கும், யாரு தேடுறா?
மெக்னீசியம் குறைஞ்சா முத்தின இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சளிக்கும். இங்கே அப்படி எதுவும் சொல்லல. ஊதா நிறம் ஆந்தோசயனின். வெளிச்சம் உறைக்கும்போது செடி தானா உண்டாக்குற நிறமி அது, மூட்டையில விக்கிற சரக்கு இல்ல. தென்னாப்பிரிக்காவோட கிழக்கு கேப் பகுதில வெயில்ல கிடந்து வளர்ற செடியைக் கொண்டுவந்து டிவி பக்கத்துல தொங்கவிட்டா பச்சையாகாம என்ன ஆகும்?

போரூர்_பால்கனி:
பீன்ஸ் மாதிரி தான் சார். ஹால்ல ஜன்னல் பக்கம் இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணி. நர்சரியில கொடுத்த தொங்கு தொட்டி தான், சுத்தி மட்டும் சக்குலென்ட் மிக்ஸ் (சதைச்செடிக்கான மண் கலவை) வாங்கிப் போட்டேன். மேல்மண் காய்ஞ்சு தான் இருக்கு!

மதுரை_மாடி:
தொட்டி அடியில 2 இன்ச் கூழாங்கல் போட்டு மாத்துங்க. தண்ணி தேங்காது.

சதைச்செடிச்_சித்தன்:
திரும்பவும் கூழாங்கல்லா? பாத்திரம் தேய்க்குற ஸ்பாஞ்ச் ஒண்ணை நனைச்சுப் படுக்கையாப் பிடிங்க. சொட்டு நின்னதும் அதையே நெட்டுக்குத்தா நிமிர்த்துங்க, மறுபடி சொட்டும். மண்ணும் அப்படித்தான். அடியில ஒரு பட்டை ஈரம் எப்பவும் பிடிச்சு வெச்சுக்கும். கல்லைப் போட்டா மண்ணோட உயரம் குறையுது, அந்த ஈரப்பட்டை வேருக்குக் கிட்ட ஏறிடுது.

மதுரை_மாடி:
எல்லாருமே போடுறாங்க, செடி நல்லாத்தான் இருக்கு. படிச்சதை மட்டும் சொல்லாதீங்க.

சதைச்செடிச்_சித்தன்:
மண்தொட்டியா இருக்கும். ஈரம் சுவர் வழியா காயுது, பேரு கல்லுக்குப் போகுது.

மதுரை_மாடி:
சரி சாமி, நீங்களே எல்லாம் தெரிஞ்சவர்.

ஓசூர்_தொட்டி:
கல் சண்டையைத் தனி இழையில போடுங்கப்பா. போரூர், உங்களுக்கு ரெண்டு பிரச்சனை. கலர் போனது வெளிச்சத்தால. இலை உதிர்றது அழுகலால. ரெண்டுக்கும் உரம் மருந்து இல்ல, இப்ப உரமே வேண்டாம்.

"சுத்தி மட்டும் மிக்ஸ்"னு சொன்னீங்களே, அங்கதான் சந்தேகம். நர்சரிக்காரங்க பெரும்பாலும் வெறும் கோகோபீட்ல (தேங்காய் நார்த்தூள்) வேர் பிடிக்க வைப்பாங்க. அந்த உருண்டையை அப்படியே வெச்சுச் சுத்தி நட்டா, வெளிய மண் காய்ஞ்சிருக்கும், நடுவுல நாள்கணக்கா ஈரம் நிக்கும். மேல்மண்ணைத் தொட்டுப் பார்த்தா தெரியவே தெரியாது. செடியை உருவிப் பாருங்க. அப்படியே தொட்டி அடியில மாட்டியிருக்குற தட்டையும் கழட்டுங்க, அதுலயும் தண்ணி நிக்கும்.

உருவினதும், குச்சியால கோகோபீட்டை உதிர்த்துடுங்க. குழகுழன்னு இருக்குற வேர், பழுப்பா நசுங்குற தண்டு எல்லாம் வெட்டி எறியுங்க. கெட்டியா இருக்குற நுனிகளை 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்க. வெட்டின இடத்தோட உள்பக்கம் சுத்தமா இருக்கணும். பழுப்பு வட்டம் தெரிஞ்சா இன்னும் மேல வெட்டணும். நிழல்ல 2 நாள் ஆறப்போடுங்க.

மண்ணுக்கு, செம்மண் 1 பங்கு, கோகோபீட் 1 பங்கு, பெர்லைட் (வெள்ளையா, லேசா இருக்குற கல் துண்டு) 2 பங்கு. பெர்லைட் இல்லைன்னா செங்கல்லை உடைச்சுச் சலிச்சு, மிளகு அளவு துண்டு மட்டும் எடுங்க, தூள் வேண்டாம். தொட்டி அகலமா, 4 இன்ச் ஆழத்துக்கு மேல போகாம. தண்டைக் குத்தி நடாம மண்மேல சுருட்டிப் படுக்க வெச்சு, ஹேர்பின்னால கணுவை மண்ணோட அழுத்திவிடுங்க. கணுவுலதான் வேர் வரும். 3 நாள் கழிச்சு லேசா தெளிங்க. 2, 3 வாரத்துல வேர் பிடிக்கும், அப்புறம் இலை சுருங்கி மெத்துன்னு ஆனா மட்டும் தண்ணி.

வெயிலை எடுத்ததும் காட்டாதீங்க, கருகிடும். முதல் வாரம் காலையில 1 மணி நேரம், வாராவாரம் கூட்டி 4 மணி வரைக்கும். சென்னை உச்சிவெயில் ஆகாது. புதுசா வர்றது ஊதாவா வரும், ஆனா ஏற்கனவே இடைவெளி விட்டு நீண்ட தண்டு திரும்பக் குறுகாது.

எப்சம்_ரசிகை:
வேர் வந்தப்புறம் எப்சம் போடலாம்ல?

சதைச்செடிச்_சித்தன்:
முடியல.

போரூர்_பால்கனி:
உருவிட்டேன். நடுவுல எலுமிச்சம்பழம் அளவு கட்டி, பிழிஞ்சா தண்ணி கொட்டுது. 6 துண்டு தேறுச்சு, ஆற வெச்சிருக்கேன். நன்றி.

ஓசூர்_தொட்டி:
கணு இடுக்குல வெள்ளையா பஞ்சு மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கா பாருங்க, மாவுப்பூச்சியா இருந்தா நடுறதுக்கு முன்னாடியே துடைக்கணும். தட்டைக் கழட்டினீங்களா?