எர்லி மியூசிக் (மறுமலர்ச்சி, பரோக் காலப் பழைய ஐரோப்பிய இசை), பட இசை இரண்டுக்கும் கோரஸ் பாட என்ன தயாரிப்பு வேண்டும்?

ஈசூன்_ஆல்டோ:
இங்கே சிங்கப்பூரில் ஒரு சேர்ந்திசைக் குழுவில் ஆல்டோ (பெண்குரலில் தாழ்ந்த பாகம்). அடிப்படை கர்நாடக சங்கீதம். லண்டன் பாடகர்கள் ஒரு நாள் மறுமலர்ச்சிக் கால தேவாலய இசை, மறுநாள் படத்துக்குக் கோரஸ் என்று ரெக்கார்டிங்கிலேயே பிழைக்கிறார்களே, எப்படி? எதை முதலில் பழக வேண்டும்?

தெக்கா_பேஸ்:
ரெக்கார்டிங்கை மட்டும் நம்பிப் பிழைப்பவர் அங்கும் அபூர்வம். தேவாலயம், கச்சேரி, வகுப்பு எல்லாம் சேர்ந்தால்தான் வீட்டு வாடகை. இரண்டுக்கும் ஒரே ஆட்களைக் கூப்பிடக் காரணம் சைட் ரீடிங், அதாவது நோட்ஸைப் பார்த்தவுடனே பாடுவது. எர்லி மியூசிக் பாடும் தாலிஸ் ஸ்காலர்ஸ் குழுவில் வழக்கமாகப் பத்துப் பேர், பாகத்துக்கு இருவர். தடுமாறினால் ஒளிய இடமில்லை. பட செஷனில் நோட்ஸ் பெரும்பாலும் அன்றுதான் கைக்கு வரும், கையில் இருப்பது மூன்று மணி நேரம். மொழி எதுவாகவும் இருக்கும். 1999 ஸ்டார் வார்ஸ் படத்துக்கு லண்டன் வாய்சஸ் கோரஸ் குழு பாடியது சமஸ்கிருதத்தில் (நம் காதுக்கே லேசில் பிடிபடாது). ஸ்டாஃப் நோட்டேஷனைப் பார்த்தவுடன் பாட வராவிட்டால் குரல் எவ்வளவு நன்றாக இருந்தும் கூப்பிடமாட்டார்கள்.

ஜூரோங்_டெனர்:
ரீடிங் சரி, ஆனால் கர்நாடகக் காதுக்கு ஒரு பலம் உண்டு: அந்தர காந்தாரம். தம்புராவோடு பழகியவர் அதை ஸட்ஜத்துக்கு 5:4 விகிதத்தில் நிறுத்துவார். பியானோவின் காந்தாரம் அதைவிட 14 சென்ட் (பியானோவின் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) போல உயரம். வாத்தியமில்லாத எர்லி மியூசிக்கில் அந்தச் சுத்தமான காந்தாரம்தான் வேண்டும். கீபோர்டு டிராக் மேல் பாடும்போது அதுவே தாழ்ந்து கேட்கும், ஏற்றிப் பாடுங்கள். கமகம் இரண்டிலும் ஆகாது. பரோக் வாத்தியக் குழுக்கள் பலவும் ஏ ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸில் வைத்து வாசிக்கும். அவர்களின் ஆறு கட்டை நம் பியானோவில் ஐந்தரை.

துணையின்றிப் பாடினால் சுருதி இறங்கும். அப்போது ஒரு டேக்கை (ஒருமுறை பாடிப் பதிந்ததை) இன்னொன்றோடு ஒட்ட முடியாது. அதனால்தான் ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி கொடுப்பார்கள். திருத்தி எடுக்கும்போதும் ஒட்டும் இடத்துக்கு நாலைந்து பார் (தாளக் கட்டம்) முன்பே தொடங்க வேண்டும். முந்தைய ஸ்வரங்களின் கார்வை ஹாலில் இல்லாவிட்டால் ஒட்டு அப்பட்டமாகத் தெரியும்.

பீஷான்_சொப்ரானோ:
டேக் கெடுவது பெரும்பாலும் சில்லறை விஷயத்தில். ஹெட்போன் ஒரு காதில் மட்டும் என்றால் மறுபக்கக் கப்பைத் தலையோடு ஒட்டி வையுங்கள். திறந்திருந்தால் கிளிக் (ஹெட்போனில் வரும் தாள ஒலி) மைக்கில் விழும், அடங்கிப்போகும் கடைசி ஸ்வரத்தில் அதை மறைக்க ஒன்றுமே இராது. வளையல், கொலுசு, சரசரக்கும் பட்டு கூடாது. வரி 'ஸ்' என்று முடிந்தால் எந்த பீட்டில் என்று பென்சிலால் குறியுங்கள், ஆளுக்கொரு நேரம் விட்டால் பாம்புப் புற்றுதான். பாடி முடித்தும் சிவப்பு விளக்கு அணையும்வரை அசையாதீர்கள்.

ஈசூன்_ஆல்டோ:
நன்றி. சம்பளம்?

தெக்கா_பேஸ்:
ஒரே தொகையில் முடிகிறதா, மறுபயன்பாட்டுக்குத் தனியாக உண்டா என்று பாடுமுன்பே எழுத்தில் வாங்குங்கள். காம்பாஸ் (சிங்கப்பூரில் இசை உரிமைத்தொகை வசூலிக்கும் சங்கம்) இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கு. கோரஸ் பாடியதற்கு அங்கிருந்து எதுவும் வராது. சுயதொழில் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் (சிங்கப்பூர் டாலர்) தாண்டினால் மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்ட வேண்டும், அதையும் கணக்கில் வைத்துத் தொகை பேசுங்கள்.