புதுப்பிப்பு: அந்த 1825 கான்ஸ்டன்டைன் ரூபிள்

பழைய சாமான் சந்தையில வாங்கின ரஷ்ய வெள்ளி ரூபிள் படத்தைப் போட்டு, "அசலா?"ன்னு போன வாரம் கேட்டிருந்தேன். எடையையும் விளிம்பையும் பார்க்கச் சொன்னீங்க. பார்த்தாச்சு.

எடை 16.9 கிராம். அசல்னா 20.7 இருக்கணும். விளிம்பைச் சுத்தி மெல்லிசா ஒட்டுக்கோடு, அதை அரத்தால ராவின தடம் வேற. லென்ஸ்ல பார்த்தா, காசுல இருக்கற முகத்தோட மூக்கோரம் குண்டூசி குத்தின மாதிரி ஓட்டைங்க. அச்சு வச்சு அடிச்ச காசு இல்ல, உருக்கி வார்த்த போலி.

ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் செத்ததும் தம்பி கான்ஸ்டன்டைன்தான் அடுத்த ஜார் (பேரரசர்)னு நம்பி, பீட்டர்ஸ்பர்க் நாணயசாலை மாதிரிக்கு அடிச்ச காசு இது. அவரோ அரியணையே வேணாம்னுட்டார்! இன்னொரு தம்பி நிக்கோலஸ் அரியணைக்கு வந்ததும் மாதிரிகளைப் பூட்டி வச்சுட்டாங்க. விளிம்பெழுத்தோட இருக்கறதை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். அதுல ஒண்ணு எனக்காகச் சந்தையில காத்திருக்குமா?

எவ்வளவு கொடுத்தேன்னு மட்டும் கேக்காதீங்க.