மெஸ் சமையலறையில் எண்ணெய்க் காயம்: யாரிடம் கேட்பது?

கேள்வி (திருவல்லிக்கேணி):
என் தம்பி இங்கே ஒரு மெஸ்ஸில் வடை மாஸ்டருக்கு உதவியாளன். அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே தரை எந்நேரமும் எண்ணெய்ப் பிசுக்கு. தேய்ந்த ரப்பர் செருப்போடு நிற்கிறான். போன வாரம் சறுக்கியதில் முழங்கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது. முதலாளி பற்பசையைத் தடவச் சொல்லி, மாலையே வேலைக்கு நிறுத்திவிட்டார். வயிறு எரிகிறது. என்ன செய்யலாம்?

பதில் (வடபழனி, உணவக மேற்பார்வையாளர்):
பற்பசை கூடவே கூடாது, அண்ணா! சுட்டவுடன் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு அது பொருந்தும். இருந்தால் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வேலையில் பட்ட காயம் என்பதால் சிகிச்சையோடு, மருத்துவர் ஓய்வு எழுதித்தரும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும் கிடைக்கும். விபத்துப் பதிவேட்டில் எழுதவைக்காமல் விடாதீர்கள்.

பதில் (தோசை மாஸ்டர், தாம்பரம்):
காயம் ஆறாமல் மாவில் கை வைக்கவிடக் கூடாது, சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து. இன்னொன்று: பணியாளர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
சீட்டில் பிடித்தம் இருக்கிறது. நாளைக் காலையே கே.கே. நகர் போகிறோம்.