புது ஃப்ரீஸர் ரூம் கொஞ்ச நேரம் ஓடி எல்பில (லோ பிரஷர் கட்-அவுட்) ட்ரிப் ஆகுது, கேஸ் ஏத்தலாமா?

ஃப்ரீஸர்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே. மைனஸ் 18 ரூம், ஆர்404ஏ கேஸ், கம்ப்ரஸர் இருக்குற கண்டென்சிங் யூனிட் மாடியில, ரூம குளிர வைக்குற காயில் கீழ, நடுவுல 20 மீட்டர் பைப். பைப்பிங், லீக் டெஸ்ட், வேக்கம் (பைப்புக்குள்ள இருக்குற காத்து, ஈரத்த பம்ப்ல இழுக்குறது) எல்லாம் வேற டீம் முடிச்சுட்டு போயிட்டாங்க, கமிஷனிங் மட்டும் என் கைக்கு வந்துருக்கு. ஸ்டார்ட் பண்ணா நல்லா இறங்குது, ரூம் மைனஸ்க்குப் போன கொஞ்ச நேரத்துல சக்ஷன் (கம்ப்ரஸருக்குத் திரும்பி வர்ற பக்கத்து பிரஷர்) 20 பிஎஸ்ஐ பக்கத்துல இருந்து மளமளன்னு சரிஞ்சு எல்பி கட் ஆகிடுது. ஒரு மணி நேரம் நிறுத்திட்டு ஓட்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது, அப்புறம் திரும்ப அதேதான். சைட் கிளாஸ்ல (பைப்புக்குள்ள திரவம் ஓடுறது தெரியுற கண்ணாடி) பபிள் இல்ல. சைட்ல எல்லாரும் கேஸ் கம்மி, ஏத்துன்னு சொல்றாங்க. ஏத்தலாமா?

பழைய_கம்ப்ரஸர்:
ஏத்தாதீங்க தம்பி. கேஸ் கம்மியா இருந்தா சைட் கிளாஸ்ல பபிள் ஓடும், நிறுத்தி வெச்சா தானா சரியாகவும் ஆகாது. நீங்க சொல்றது அப்படியே தண்ணி ஐஸ் ஆகுற பிரச்சனை. சிஸ்டத்துக்குள்ள இருக்குற ஈரம், காயிலுக்கு கேஸ அளவா விடுற எக்ஸ்பான்ஷன் வால்வ் ஓட்டையில வந்து உறைஞ்சு அடைக்குது, நிறுத்தினா உருகிடுது, அதான் ரூம் சூடா இருக்குறப்ப நல்லா ஓடி ஜீரோவுக்குக் கீழ போனதும் மாட்டுது. அடுத்த தடவ சக்ஷன் சரியுறப்ப சுடுதண்ணியில நனைச்ச துணிய வால்வ் பாடி மேல சுத்துங்க, சக்ஷன் பைப்ல கட்டியிருக்குற சென்சர் பல்ப் பக்கம் மட்டும் போகவே கூடாது, அது சூடானா வால்வ் அதனாலயே திறந்து டெஸ்ட் குழம்பிடும். சக்ஷன் டக்குனு ஏறுச்சுன்னா சந்தேகமே வேண்டாம். சைட் கிளாஸ் நடுவுல கலர் புள்ளி இருந்தா அதையும் பாருங்க, பெரும்பாலும் பச்சைன்னா காய்ஞ்சிருக்கு, மஞ்சள்னா ஈரம்.

குளிர்_ராஜா:
எனக்கென்னவோ சூப்பர்ஹீட் (காயில் விட்டு வெளிய வர்ற கேஸ் கொதிநிலைக்கு மேல எத்தன டிகிரி சூடுங்கறது) அதிகமா வெச்சுருப்பாங்கன்னு தோணுது, வால்வ கொஞ்சம் திறந்து பாக்கலாமே?

பழைய_கம்ப்ரஸர்:
வேண்டாம் பிரதர். செட்டிங் தப்புன்னா அது எப்பவும் தப்பாதான் காட்டும், ஒரு மணி நேரம் நின்னா சரியாகாது. காரணம் தெரியாம வால்வ் செட்டிங் ஸ்பிண்டில திருப்பினா அப்புறம் ரெண்டு பிரச்சனை ஆகிடும்.

நைட்ரஜன்_அண்ணா:
இன்னொண்ணும் செக் பண்ணுங்க. நைட்ரஜன் விடாம பிரேசிங் பண்ணிருந்தா பைப்புக்குள்ள கருப்பா செதில் உக்காந்து, அது உதிர்ந்து வால்வ் ஸ்ட்ரெய்னர அடைக்கும். ஆனா அந்த அடைப்பு சுடுதண்ணிக்கு அசையாது. டிரையருக்கு (ஈரத்த உறிஞ்சுற ஃபில்டர்) முன்ன பின்ன கை வெச்சா சூட்டுல வித்தியாசம் தெரிஞ்சா டிரையரும் அடைச்சிருக்கு.

ஃப்ரீஸர்_தம்பி:
அண்ணா, துணி சுத்தினதும் சக்ஷன் ஏறிடுச்சு! புள்ளியும் மஞ்சள்தான். அந்த டீம்கிட்ட கேட்டா ரெண்டு மணி நேரம் வேக்கம் போட்டோம், கேஜ் 30 இன்ச் காட்டுச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி ஈரம்?

பழைய_கம்ப்ரஸர்:
கடிகாரத்தையும் அந்த முள்ளு கேஜையும் நம்பறதுதான் இந்தத் தொழில்ல பெரிய நோய். அந்த கேஜ்ல ஒரு இன்ச்ங்கறது 25,400 மைக்ரான். நமக்கு வேண்டியது, உள்ள மிச்சம் இருக்குற பிரஷர் 500 மைக்ரானுக்குக் கீழ. முள்ளோட தடிமனுக்குள்ளயே அது மறைஞ்சு போயிடும், அதால மைக்ரான் கேஜ் இல்லாம போட்ட வேக்கத்த நான் வேக்கம்னே ஒத்துக்க மாட்டேன்.

இப்ப செய்ய வேண்டியது, கேஸ மொத்தமா ரெக்கவரி சிலிண்டர்ல எடுங்க, தயவுசெஞ்சு காத்துல விடாதீங்க, 404ஏ ஒரு கிலோ விட்டா கிட்டத்தட்ட 3,900 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதுக்குச் சமம். டிரையர் புதுசு போடுங்க. வேக்கம் பம்புக்கு ஆயில் மாத்தி, சர்வீஸ் வால்வ்ல இருக்குற பின்னை (வால்வ் கோர்) கழட்டி, தடியான ஹோஸ்ல லோ சைடு ஹை சைடு ரெண்டுல இருந்தும் இழுங்க. சோலினாய்ட் (கரண்ட்ல திறக்குற வால்வ்) மூடியிருந்தா நடுவுல ஒரு துண்டு பைப் அப்படியே மாட்டிக்கும், மேக்னட் போட்டு திறந்து வைங்க. மைக்ரான் கேஜ பம்புகிட்ட வைக்காம தூரத்துல வைங்க. நடுவுல காய்ஞ்ச நைட்ரஜன் விட்டு உடைச்சு திரும்ப இழுத்தா ஈரம் சீக்கிரம் வரும். 500க்கு வந்ததும் பம்ப தனியாக்கி பாருங்க, கொஞ்சம் ஏறி ஒரு எடத்துல நின்னா இன்னும் ஈரம், நிக்காம ஏறிக்கிட்டே போனா லீக். வேக்கத்துல இருக்குறப்ப கம்ப்ரஸர ஸ்டார்ட் பண்ணக் கூடாது, மெக்கரும் (இன்சுலேஷன் டெஸ்டர்) போடக் கூடாது, மோட்டார் வைண்டிங் போயிடும்.

ஃப்ரீஸர்_தம்பி:
ரொம்ப நன்றி அண்ணா. கம்ப்ரஸர் ஆயிலும் மாத்தணுமா?

நைட்ரஜன்_அண்ணா:
பிஓஇ (பாலியால் எஸ்டர்) ஆயில்னா மாத்துங்க தம்பி, அது ஈரத்தக் குடிச்சா வேக்கம் போட்டாலும் முழுசா விடாது. அளவு கம்ப்ரஸர் பிளேட்ல பாத்து ஊத்துங்க. யூனிட் மேல இருக்கறதால சக்ஷன் மேல ஏறுற எடத்துல அடியில ஆயில் ட்ராப் (யூ வளைவு) இருக்கான்னும் பாத்துடுங்க, இல்லன்னா ஊத்தின ஆயில் கீழயே தங்கிடும். கேஸ திரவமா, எடை போட்டு ஏத்துங்க, இது கலவை கேஸ், ஆவியா ஏத்தினா விகிதம் மாறிடும். கம்ப்ரஸர் ஆயில சூடாக்குற கிரான்க்கேஸ் ஹீட்டர, ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தின நாளே ஆன் பண்ணி வைங்க. சூப்பர்ஹீட்ட ரூம் மைனஸ் 18 கிட்ட வந்தப்புறம் மட்டும் அளங்க, காயில் வெளிய 4ல இருந்து 6 டிகிரிக்குள்ள இருந்தா வால்வத் தொடவே வேண்டாம்.