கரண்ட் பில் ரெட்டிப்பா வந்திருக்கு, அவசரம்

கீழக்கரை_பையன்: எப்பவும் 1553 வர்ற பில் இந்தத் தடவை 3258. வீட்டுல புதுசா எதுவும் வாங்கல. மீட்டர் தாறுமாறா ஓடுதுன்னு நினைக்கிறேன். எங்க புகார் குடுக்கணும்? சீக்கிரம் சொல்லுங்க காக்காமாரே.

தொண்டிக்காரன்: எத்தனை யூனிட்? எத்தனை நாள் ரீடிங்? ஏசி இருக்கா?

மண்டபம்77: ஏசிக்கு வெளிய மாட்டியிருக்குற அவுட்டோர் பெட்டியைப் பாருங்க. உப்புக்காத்துல அந்த அலுமினியத் தகடு பொடிப்பொடியா உதிரும். சூடு வெளியேறாம கம்ப்ரசர் நிக்கவே நிக்காது. எங்க வீட்டுல இதேதான்.

கீழக்கரை_பையன்: ஏசி ஒண்ணு. 640 யூனிட், போன தடவை 460. 60 நாள்தான்.

பழைய_வயர்மேன்: இதை முதல்லயே எழுத என்ன கேடு? கூடினது 180 யூனிட்தான் தம்பி. 500ஐத் தாண்டிட்ட, அதான் அடி. 2024 ஜூலை கட்டணத்துல 500க்குள்ள இருந்தா 101-200க்கு யூனிட் 2.35. தாண்டினா அதுவும் 4.70 ஆயிடும், 500க்கு மேல போனதுக்கு 8.40, 9.45. எத்தனை தடவைதான் எழுதுறது.

பரமக்குடி_வெயில்: கமுதியில 648 மெகாவாட் சோலார் நிக்குது. வெயில் நம்மது, பில்லும் நமக்கா?

பழைய_வயர்மேன்: அது கிரிட்டுக்கு, எல்லாருக்கும் பொதுவான லைனுக்குப் போகுதுங்க. உங்க வீட்டு ஃபேனுக்குத் தனி வயரா இழுப்பாங்க?

பரமக்குடி_வெயில்: வயர் யார் கேட்டா? விலையைக் குறைன்னுதான் கேக்குறேன்.

பழைய_வயர்மேன்: அப்ப நெய்வேலிக்காரரும் கூடங்குளத்துக்காரரும் வரிசையில வரட்டும்.

தேவிபட்டினம்_அக்கா: சண்டையை அங்கிட்டு வச்சுக்கோங்க. தம்பி, மெயினை ஆஃப் பண்ணிட்டு மீட்டர்ல சிவப்பு லைட்டு சிமிட்டுதான்னு பாரு. நின்னா விஷயம் வீட்டுக்குள்ளதான். மோட்டார் எவ்வளவு நேரம் ஓடுது? 1 எச்பி ஒரு மணி நேரம் ஓடினா ஏறக்குறைய 1 யூனிட். வீட்டுல ஆள் கூடியிருக்கா?

கீழக்கரை_பையன்: லைட்டு நின்னுருச்சு. வாப்பா சவுதியில இருந்து லீவுல வந்து 40 நாளாச்சு. மதியமும் ஏசி போட்டுத்தான் தூங்குவாங்க.

தொண்டிக்காரன்: இதைத்தான் "புதுசா எதுவும் வாங்கல"ன்னு சொன்னீங்களா 😀

தேவிபட்டினம்_அக்கா: மோட்டார் கேட்டேனே?

மண்டபம்77: அவுட்டோர்தாங்க. எழுதி வச்சுக்கோங்க.

கீழக்கரை_பையன் (4 நாள் கழிச்சு): 1 எச்பிதான் லாத்தா. முன்னாடி 20 நிமிஷத்துல டேங்க் நிரம்பும், இப்ப ஒன்றரை மணி நேரம், தினம் ரெண்டு வேளை. உம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். பிரிச்சுப் பார்த்தா, குழாயடியில தண்ணி திரும்ப இறங்காமப் பிடிக்கிற ஃபுட் வால்வு உப்புத்தண்ணியில அரிச்சுப்போய், மோட்டாருக்குள்ள தண்ணியைத் தள்ளுற சக்கரம் இம்பெல்லரும் தேஞ்சு கிடக்கு. ரெண்டும் மாத்தியாச்சு. அவுட்டோரையும் கழுவி விட்டேன். வாப்பாகிட்ட ஏசி பத்தி யாரும் பேசல.